ஒன்றும் செய்ய வேண்டாத வியாதி

நோர்வேயின் பேர்கன் நகரத்தில் பிறத்தியாருடைய தகப்பன்மாரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாட்டை வாயில் தீத்திவிடுவதுதான் என் உத்தியோகம். முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருப்பவர்களோடு சேர்ந்து எனக்கும் தலை நரைத்துவிட்டது. என் சொந்தத் தகப்பனுக்குச் சுகமில்லை, ஊருக்குப் போகவேண்டும் என்று லீவு கேட்டபோது மேலாளர் அம்மா கண் கலங்கினார். உங்கள் ஆட்களிடம்தான் உண்மையான குடும்ப ஒற்றுமை இருக்கிறது என்றார். எங்கள் குடும்பம் மூன்று கண்டங்களில் பிரிந்து நின்று ஒற்றுமையாக இருக்கிறது என்பதை நான் விளக்கப் போகவில்லை. லீவு கிடைத்தால் போதும்.

செய்தியைச் சொன்னது ரொறன்ரோவில் இருக்கும் அண்ணை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தனியாக இருக்கும் அப்பா, கண்புரை வெட்டப் போன இடத்தில் வழக்கம்போல இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகம். இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், அதற்குரிய நிபுணரிடம் காட்டுங்கள், கண்ணைப் பிறகு பார்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீதானே கிழவர்மாரைப் பாத்துப் பழகினனீ. நீ முதலிலை போ. நான் இஞ்சையிருந்து எல்லாத்தையும் பாக்கிறன்" என்றான் அண்ணை. அவன் பார்ப்பது என்றால் வீடியோவில் பார்ப்பது.

கோண்டாவில் வீட்டுப் படலை வாசலில் ஓட்டோ நின்றதும் முதலில் கண்ணில் பட்டது செருப்புகள். விறாந்தைப் படியடியில் ஒரு குவியல். எங்கள் ஊரில் ஒரு வாசலில் அவ்வளவு செருப்புக் கிடந்தால் ஒன்றில் கலியாணம், இல்லாவிட்டால் மற்றது. கலியாணம் கட்ட அந்த வீட்டில் ஆளில்லை. பெட்டியைத் தெரு ஒழுங்கையிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

உள்ளே கதிரைகளிலும் வாங்கிலுமாக ஏழெட்டுப் பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். நோயாளி சைக்கிளில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்தார்.

பக்கத்து வளவில் இருந்துகொண்டு அப்பாவுக்குச் சமைத்துக் கொடுப்பவள் ரஞ்சி மச்சாள். அப்பாவின் தங்கை மகள். அவள் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய் இரகசியம் சொன்னாள்.

"மாமாவுக்கு ஒண்டும் தெரியாது. இரத்தத்திலை சத்துக் குறைவு எண்டு சொல்லி வச்சிருக்கிறம். நீ உளறிப்போடாதை."

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். ஒழுங்கைச் சனத்துக்குத் தெரியும். பிள்ளையார் கோயில் சபைக்குத் தெரியும். சந்தையில் கீரை விற்கும் பெண்களுக்குத் தெரியும். மீன் கொண்டுவருகிறவர் தினமும் விசாரிக்கிறாராம். தெரியாதிருந்தது அந்த இரத்தத்தின் சொந்தக்காரருக்கு மட்டும். அப்படியானால் நான் ஏன் திடீரென்று வந்து நிற்கிறேன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்றேன். ரஞ்சி அதையும் யோசித்து வைத்திருந்தாள். கீரிமலைக் கேணியில் முழுகுவதாக எனக்கு ஒரு நேர்த்தி இருக்கிறதாம்.

பேர்கனில் பக்கத்து வீட்டுக்காரர் செத்தாலும் தபால் பெட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். ஆனால் அங்கே டொக்டர் நோயாளியை இருத்தி, பெயரைக் கேட்டு, வியாதியைச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு அனுப்பிவிடுவார். இங்கே எல்லாம் தலைகீழ். இங்கே ஒருவருடைய வியாதி அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொந்தம்.

அப்பா வந்தார். ஒரு கண் பாலாய் மங்கியிருக்க, சைக்கிளை ஒழுங்கையில் நின்ற என் பெட்டியில் முட்டி நிறுத்தினார். பின்கரியரில் முருங்கைக்காய்க் கட்டு. என் குரலைக் கேட்டுத்தான் ஆளை மட்டுக்கட்டினார்.

"ஆர், பிள்ளையோ? ஏன் உப்பிடி மெலிஞ்சு போனாய்? ஏதும் வருத்தமோ?"

விறாந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்கள். எண்பது கடந்த மனிதர், வேர்வை வழிய, முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். அவர்கள் முகத்தில் இலேசான ஏமாற்றம் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, இருந்தாலும் அவர்கள் கடமையைச் செய்தார்கள். ஒருவர் தன் சகலன் இப்படித்தான் நல்லாய் நடமாடித் திரிந்து திடீரென்று போய்விட்டார் என்றார். இன்னொருவர் தன் மைத்துனர் போனவிதத்தை விவரித்தார். ஒரு அம்மா பப்பாசியிலைச் சாறு ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தார். எல்லாமே அப்பாவுக்கு முன்னால், தணிந்த குரலில். அப்பாவுக்குக் கண்தான் மங்கல், காது நல்ல காது.

அப்பாவிடம் நேர்த்தி என்று சொல்லிவிட்டால் பிறகு நிறைவேற்றத்தானே வேண்டும். அடுத்த நாள் குகனின் ஓட்டோவில் கீரிமலைக்குப் புறப்பட்டோம். குகன் எங்கள் ஒழுங்கைக்காரர். என்னைவிடச் சில வயது இளையவர். ஓட்டோ அவரைவிட மூத்தது. போகும் வழியெல்லாம் அப்பா என்னிடம் என்ன நேர்த்தி, எப்போது வைத்தாய், எதற்காக என்று விசாரித்துக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் சொன்னேன். தெல்லிப்பழை தாண்டும்போது என் பொய்களின்படி எனக்கு முழங்கால் வருத்தம், அது கீரிமலைத் தண்ணீரை நினைத்ததும் மாறிவிட்டது. அப்படியென்றால் ஏன் முழுகுவான், நினைத்துக்கொண்டிருந்தாலே போதுமே என்றார் அப்பா.

கீரிமலைக்குப் பலரும் வருவது செத்த தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதற்கு. இது எனக்கு அங்கே போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது. ஒரு ஐயர் எங்களை நோக்கி விரைந்து வந்தார். வயதான ஒருவர், கலங்கிய முகத்தோடு ஒரு பெண். அவர் தன் அனுபவத்தில் சரியாகத்தான் கணித்தார்.

"ஆருக்கு? அந்தியேட்டியோ, திவசமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஆள் இப்பதான் குளிக்கப் போறார், ஐயா. குளிச்சு முடியட்டும்."

ஐயருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அப்பா துவாயை மடித்துப் படியில் வைத்துவிட்டு ஆண்கள் கேணிக்குள் இறங்கினார். அப்பால் கடல் அடித்துக்கொண்டிருந்தது. இளந்தாரிப் பெடியள் சுவரிலிருந்து குதித்துக் கும்மாளம் போட்டார்கள். அவர்கள் எழுப்பிய அலைக்குள் அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி முழுகி எழுந்தார். படியில் நின்று நான் என் வேலையிடத்துக் கண்ணால் அவரைப் பார்த்தேன். முதுகில் காயம் இல்லை. முழங்கையருகே நீலம் பாரித்த ஒரு கண்டல். கழுத்தோரம், காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் இரண்டு கட்டிகள். வேறொருவருடைய தகப்பன் என்றால் நான் அதைக் கடமைநேரத் தாதியிடம் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பேன். அன்றைக்கு எங்கே போவது என்று தெரியாமல் பெண்கள் கேணிக்குப் போய், உடுத்த உடையோடு இறங்கி, தண்ணீருக்குள் முகத்தை வைத்து அழுதேன். நேர்த்தி ஒருவிதமாக நிறைவேறியது.

நிபுணரைப் பார்க்க யாழ்ப்பாணப் பட்டணம் போன அன்று குகனின் ஓட்டோ கோண்டாவில் சந்தியைத் தாண்டவில்லை. இருமியது, நின்றது. குகன் இறங்கி அதன் வயிற்றைத் திறந்து பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் அக்கா என்றார். அவர் அதைச் சொன்னவிதம் எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நான் எத்தனையோ தடவை அதே குரலில் கதைத்திருக்கிறேன். பலாலி வீதியில் வந்த மினிபஸ்ஸை மறித்து ஏறினோம்.

உள்ளே பல்கலைக்கழகப் பிள்ளைகள், சந்தைக் கடகங்கள், ஒரு கட்டு வாழைக்குலை, உச்சக் குரலில் பாட்டு. உள்ளுக்கு நல்லாய் இடம் கிடக்கு, இறங்குங்கோ இறங்குங்கோ என்று கொண்டக்டர் எங்களைத் தள்ளினார். அவர் சொன்ன இடம் ஒருவருடைய கக்கத்துக்குள் இருந்தது. அப்பாவுக்கு இருக்கை வாங்க வேண்டி, அவருக்குக் கடுமையான வருத்தம் என்று சொல்லவும் முடியாது, பக்கத்தில்தான் அவர் நிற்கிறார். எனவே எனக்கு முழங்கால் வருத்தம் என்றேன். ஒரு பல்கலைக்கழகப் பெட்டை எழும்பி எனக்கு இடம் தந்தாள். நான் அப்பாவை இருக்கச் சொன்னேன். அவர் மறுத்தார். நேர்த்தி வைத்தும் மாறாத முழங்காலுக்கு ஓய்வு வேண்டும் என்றார். ஆக, புற்றுநோய் சந்தேகத்துக்குரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவரைப் பராமரிக்க ஐரோப்பாவிலிருந்து வந்தவள் யன்னலோரம் இருந்து பட்டணம் போய்ச் சேர்ந்தாள்.

நிபுணர் ஒரு இளம் பெண். அப்பாவின் கழுத்து, கக்கம், வயிறு எல்லாம் அமத்திப் பார்த்தார். காய்ச்சல் வருவதுண்டா, சாப்பாடு இறங்குகிறதா, உடம்பு மெலிந்ததா, நித்திரையில் வேர்த்துக் கொட்டுகிறதா என்று கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். ஒரே ஒரு குறை, கண்ணை வெட்டுகிறார்கள் இல்லை என்றார். இரத்தம் எடுத்தார்கள். இதைக் கொழும்புக்கு அனுப்பி விசேஷமாகப் பார்க்க வேண்டும், மறுமொழி வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

அந்தக் காத்திருப்பு நாட்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கொழும்புப் பெரும்பட்டினத்து டொக்டர்மாரைவிட அதிகம் பேர் தீர்மானித்தார்கள். ஒருவர் சொன்னார், பீற்றூட் இரத்தத்துக்கு நல்லது. மூன்று நேரமும் பீற்றூட். மற்றவர் சொன்னார், இவருக்கு இரத்தம் கூடித்தானே வியாதி, பீற்றூட் கொடுத்துக் கூட்டுகிறீர்களா. பீற்றூட் நின்றது. மாதுளம்பழம் வந்தது. அண்ணை வீடியோவில் வந்து சீனியும் மாப்பொருளும் புற்றுநோய்க்குத் தீனி, சோற்றை நிற்பாட்டு என்றான். சொல்லும்போது அவன் கையில் ஒரு பெரிய குவளைக் கோப்பியும் கிறீம் பூசிய பணிசும் இருந்தன. அப்பாவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். நண்டும் றாலும் போட்டுப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ். அது சூடு என்று ரஞ்சி மறுத்துவிட்டாள். அப்பா சண்டை பிடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், தன் சிநேகிதர் வீட்டில் கூழ் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மாதுளம்பழம் சாப்பிட்டார். அவருடைய சேட்டில் நண்டு மணத்தது.

ஒரு மத்தியானம், வருகிறவர்கள் எல்லாம் உண்ட களைப்பில் தங்கள் தங்கள் வீடுகளில் கிடந்த நேரம், அப்பாவின் கால் நகங்களை வெட்டிவிடுகிறேன் என்று கேட்டேன். வழக்கமாகக் காலை இழுத்துக்கொள்வார். அன்று நீட்டினார். செருப்பில்லாமல் செம்மண்ணில் நடந்த கால். நகம் கொம்புபோலத் தடித்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்து மெல்ல மெல்ல வெட்டினேன்.

அங்கையும் நீதான் எல்லாருக்கும் வெட்டுறனீயோ என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு பழைய கப்பல்காரரைப் பற்றிச் சொன்னேன். நகம் வெட்டும்போதெல்லாம் அவர் நோர்வேஜியப் பாட்டொன்று பாடுவார், கடைசி அடி மட்டும் எப்போதும் மறந்துபோகும். அப்பா சிரித்தார். பிறகு கேட்டார்.

"அவையின்ரை பிள்ளையள் வந்து பாக்கிறவையோ?"

"ஞாயிற்றுக்கிழமையளிலை சிலபேர் வருவினம் அப்பா."

அப்பா மற்றக் காலையும் தண்ணீருக்குள் வைத்தார். ஞாயிறுக்கு ஞாயிறு வருகிறதென்றால் நல்ல பிள்ளைகள்தான் என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. குனிந்த தலை நிமிராமல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பிலிருந்து மறுமொழி வந்துவிட்டது என்று அழைத்தார்கள். ரஞ்சியும் நானும் திட்டம் போட்டோம். அப்பாவை வெளியே இருத்திவிட்டு நான் முதலில் உள்ளே போய் டொக்டரோடு கதைப்பது. பிறகு டொக்டர் அப்பாவுக்குச் சத்துக் குறைவு என்று சொல்வது. அண்ணையும் அதற்கு ஒப்புதல் தந்தான். நோர்வேயில் இப்படி ஒரு பிள்ளை கேட்டால் நாங்கள் சட்டம் கதைத்து அனுப்பிவிடுவோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நோயாளி என் அப்பா இல்லையே.

நான் கதவடியில் நின்று டொக்டரிடம் மெதுவாகச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார். டொக்டர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கதிரையைக் காட்டினார்.

"ஐயா, உது உங்கடை இரத்தம். மறுமொழியை உங்களுக்குச் சொல்லட்டோ, மகளுக்குச் சொல்லட்டோ?"

அப்பா கதிரையில் வடிவாக இருந்துகொண்டார்.

"எனக்குச் சொல்லுங்கோ. பிறகு நான் பிள்ளைக்கு மெல்லமாச் சொல்லுறன். அவள் தாங்கமாட்டாள்."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். விறாந்தையில் அத்தனை சகலன்களும் மைத்துனர்களும் தணிந்த குரலில் செத்துக்கொண்டிருந்தபோது, அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எங்களுக்காக ஒன்றும் தெரியாதவராக இருந்திருக்கிறார்.

டொக்டர் சுற்றிவளைக்கவில்லை. இது இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைதான் என்றார். என் கை தானாகவே அப்பாவின் தோளைப் பிடித்தது. ஆனால் இது ஓடுகிற வகை இல்லை, ஊர்ந்து போகிற வகை, வயதானவர்களுக்கு வருவது என்று தொடர்ந்தார். வெள்ளை அணுக்களில் ஒரு சாதி, சாக வேண்டிய காலத்தில் சாகாமல் இரத்தத்தில் நின்றுவிடுகின்றன, அதனால்தான் எண்ணிக்கை கூடுகிறது.

"வந்த சனம் தேத்தண்ணி குடிச்சும் எழும்பாமல் இருக்கிற மாதிரி" என்றார் அப்பா.

டொக்டர் சிரித்துவிட்டார். ஓம், அதேதான் என்றார். இப்போதைக்கு இதற்கு மருந்து வேண்டாம். இந்த நிலையில் மருந்து கொடுத்தால் நன்மையைவிடத் தொந்தரவுதான் கூட. சில மாதத்துக்கு ஒருமுறை வந்து இரத்தம் காட்ட வேண்டும். காய்ச்சல் வந்தால், மெலிந்தால், கட்டிகள் பெருத்தால் உடனே வர வேண்டும். கிருமித் தொற்றுக்குக் கவனம் வேண்டும், கூட்டம் கூடுகிற இடங்களில் அதிகம் இருக்கக்கூடாது. பலருக்கு மருந்து தொடங்க வேண்டிய கட்டமே வருவதில்லை. வந்தால் அப்போது பார்ப்போம்.

அப்பா கேட்டது ஒரே கேள்வி. அப்ப கண்ணை வெட்டலாமோ என்றார். வெட்டலாம் என்று டொக்டர் சொன்னார். அப்பா எழும்பிக் கும்பிட்டார். வெளியே வந்ததும் அவர் என்னை ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருத்தி, ஒரு பருப்பு வடை வாங்கிக் கையில் தந்து, எனக்குப் புற்றுநோய் பிள்ளை, பயப்பிடாதை என்று மெல்லமாகச் சொன்னார். உள்ளே இருந்து முழுவதையும் கேட்டவள்தான் நான். இருந்தும் அவர் சொன்ன பிறகுதான் வடையோடு சேர்த்து விம்மி அழுதேன். கடைக்காரர் இன்னொரு வடை கொண்டுவந்து வைத்தார்.

நல்ல செய்தி என்று நான் நினைத்தேன். ஊர் அப்படி நினைக்கவில்லை. மருந்து இல்லை என்று டொக்டர் சொன்னாரென்று ரஞ்சி ஒழுங்கைக்கு அறிவித்தாள். அது அடுத்த ஒழுங்கைக்குப் போகும்போது டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. பின்னேரம் முன்னைவிட இரண்டு மடங்கு செருப்பு. கூட்டத்தில் இருக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதை நான் விளக்க விளக்க, அதைக் கேட்க இன்னும் நான்கு பேர் கூடினார்கள். எல்லோரும் அழுவதற்கு ஆயத்தமாக வந்திருந்தார்கள். அப்பா அவர்களை ஏமாற்ற விரும்பாமல் கொஞ்சம் சோர்ந்த முகத்தோடு இருந்தார். பிறகு தனக்கு நித்திரை வருகிறதென்று சொல்லிவிட்டு, பின்கதவால் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனார்.

அண்ணையைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. வியாதி இருக்கிறது, மருந்து வேண்டாம் என்பது அவனுக்கு ஏறவேயில்லை. "மருந்தில்லாட்டி உது என்ன டொக்டர்?" என்று கேட்டான். கொழும்புக்குக் கொண்டுபோ என்றான், சென்னைக்குக் கொண்டுபோ என்றான். நான் முதல் முறையாக அவனோடு எதிர்த்துக் கதைத்தேன். என் வேலையில் நான் கண்டது இது, அண்ணை. மனிசரைச் சுகப்படுத்துகிறோம் என்று படுத்துவது. சும்மா விடுகிறதற்கும் ஒரு கெட்டித்தனம் வேண்டும். அவன் போனை வைத்தான். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் குகனின் ஓட்டோ, அன்றைக்கென்று பழுதாகாமல், அண்ணையைக் கொண்டுவந்து படலையில் இறக்கியது.

வந்தவன் ஒரு பெட்டி முழுக்க விற்றமின் போத்தல்களோடு வந்தான். வந்த நேரம் தொட்டுச் சோடா குடித்தான். யாழ்ப்பாணத்து வெயில் என்றான். சோடா முடிய நெல்லி ரசம் குடித்தான், அது முடியத் தண்ணீர், பிறகு கக்கூசுக்குப் போனான், திரும்பி வந்து சோடா. காலில் ஒரு கொப்புளம் கிழமைக்கணக்காக ஆறவில்லை, புதுச் சப்பாத்து வெட்டியது என்றான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் போகிற அந்த நடையை நான் என் வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். அண்ணை, உன் இரத்தச் சீனியைப் பார்ப்போமா என்றேன். நான் அப்பாவுக்காக வந்தனான், எனக்காக இல்லை என்றான்.

இரண்டாவது அபிப்பிராயம் வேண்டும் என்று மறுநாள் காலை அப்பாவை ஒரு தனியார் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனான். நானும் போனேன். ஊசியைக் கண்டதும் அப்பா மறுத்துவிட்டார். அத்தனை தடவை சத்தம் காட்டாமல் கை நீட்டியவர், அன்று மட்டும் சின்னப்பிள்ளைபோல அடம்பிடித்தார்.

"நீ முதலிலை குடு. நீ குடுத்தால் நான் குடுக்கிறன்."

தகப்பனுக்குத் தைரியம் ஊட்டவேண்டும் என்று அண்ணை சட்டைக் கையை மடித்தான். முழுப் பரிசோதனைக்கென்று அவனுடைய இரத்தம் போனது. பிறகு அப்பா எழும்பி, எனக்குத்தான் பட்டணத்திலை பாத்தாச்சே மோனை, ஏன் வீணா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அவர் எப்போதிருந்து அண்ணையின் சோடாப் போத்தல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. மங்கல் கண்ணுக்கு அது தெரிந்ததா, அல்லது நான் கேட்டது காதில் விழுந்ததா என்றும் தெரியாது.

மத்தியானம் மறுமொழித் தாள் கைக்கு வருமுன்பே பரிசோதனை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. இந்தச் சீனியோடு இவர் நடமாடக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அண்ணை நம்பவில்லை, மெசின் பழுதென்றான். எழும்பி நின்று வாதாடியவனுக்குத் தலை சுற்றி, கதிரையில் தொப்பென்று இருந்தான். அப்பாதான் குகனைக் கூப்பிட்டார். அப்பாதான் அவனுடைய கையைத் தன் தோளில் போட்டு ஓட்டோவில் ஏற்றினார். அன்றைக்கே வாட்டில் கிடத்தி, சேலைன் ஏற்றி, இன்சுலின் தொடங்கினார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் அந்தக் கால் கொப்புளம் கேள்விக்குறியாகியிருக்கும் என்று வாட்டு டொக்டர் என்னிடம் சொன்னார். நான் அதை அண்ணைக்கு நேராகவே சொன்னேன். மறைத்து வைக்கிற விளையாட்டு எங்கள் வீட்டில் முடிந்துபோயிருந்தது.

ஊருக்கு இது பெரும் ஆறுதல். ஒரு நோயாளியைத் தேடி வந்தவர்களுக்கு, படுக்கையிலேயே கிடக்கிற, சேலைன் போத்தல் தொங்குகிற, முறையான நோயாளி ஒருவர் கிடைத்துவிட்டார். கனடாவிலிருந்து வந்தவர் என்பதால் கூடுதல் மதிப்பு. கிறீம் பிஸ்கற், ரின்பால், இனிப்புச் சோடா என்று கட்டில் அருகிலிருந்த அலுமாரி நிறைந்தது. அவன் தொடக்கூடாத பொருட்களாகப் பார்த்துத் தெரிவு செய்தது போலிருந்தது.

பார்வையாளர் நேரத்தில் நான் போனபோது அப்பா கட்டிலருகே முக்காலியில் இருந்தார். சனக்கூட்டத்தில் இருக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை நினைவூட்டினேன். முகக்கவசம் கட்டியிருக்கிறன்தானே என்று தொட்டுக் காட்டினார். மூக்கை விட்டு வாயைத்தான் அது மூடியிருந்தது. சரியாக்கிவிட்டேன். நோயாளியோடு நிற்கிறவர் யார் என்று தாதி மிஸி வந்து கேட்டார். நான் முன்னுக்கு நகர்ந்தேன். தொழில்ரீதியாகவும் அது என் இடம். அப்பா கையை உயர்த்தி என்னை மறித்தார்.

"நான்தான் பிள்ளை. இவரின்ரை தகப்பன்."

மிஸி அவரிடம் சாப்பாட்டு விதிகளைச் சொன்னார். தவிட்டு மா இடியப்பம் எத்தனை, சோறு எவ்வளவு, எந்த நேரம் ஊசி. அப்பா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். அவனுடைய கன்னத்தில் கண்ணீர் ஒழுகியதை அப்பா கண்டும் காணாதவர்போல், தன் துவாயின் நுனியால் ஒற்றிவிட்டு, உதென்ன இப்பிடி வேர்க்குது என்றார்.

என் லீவு முடிந்தது. அண்ணை தேறிக்கொண்டு வந்தான். ஆனாலும் இன்னும் சில நாள் வாட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். அப்பா கண் ஒப்பறேசனைத் தானாகவே பிற்போட்டார். அவன் எழும்பி நடக்கட்டும், பிறகு வெட்டுவம், இவ்வளவு நாள் மங்கலாய்ப் பார்த்தவன் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார். வழியனுப்ப வரவில்லை. நான் புறப்பட்ட நேரம் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரஞ்சி அடுக்கிக் கொடுத்த ரிஃபின் கரியரைச் சைக்கிளின் கைபிடியில் கொழுவிக்கொண்டு, கவனமாய்ப் போ பிள்ளை என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னமே படலையைத் தாண்டிப் போனார். மணியடித்துக்கொண்டே போனார். வழியில் நிற்கிறவர்கள் விலகட்டும் என்பதற்காக.

அடுத்த நாள் காலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு அவருக்கு அழைத்தேன். எத்தனையோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன். காய்ச்சல் வந்தால் உடனே போங்கோ, சனத்தோடு இருக்காதேங்கோ, இரத்தம் காட்டுகிற நாளை மறக்காதேங்கோ, நான் மாரிக்கு முதல் திரும்ப வாறன். பாதி சொல்வதற்குள் பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, சரி, வை பிள்ளை. உன்ரை அண்ணைக்குச் சாப்பாடு தீத்துற நேரம்" என்றார் அப்பா.